கல்லூரிக்குக் கோட்டு தைத்த அக்கா

மனிதர்களில் முன்கூட்டியார் என்றொரு வகை உண்டு. ரயிலுக்கு நேரத்தோடு கிளம்புகிறவர்களை இதில் சேர்த்துவிடாதீர்கள். அவர்கள் சாமானிய ஜீவன்கள். வீட்டில் ஒரு பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் காலடி வைத்த அன்றே, மனசுக்குள் கல்லூரி வாசலில் போய் வரிசையில் நின்றுகொண்டு, பின்னால் வருகிறவர்களை "தள்ளாதீங்க" என்று அதட்டுகிறார்களே, அவர்கள்தான் அசல்.

கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அவளுடைய படிப்பு பள்ளிக்கூடத்தில் பாதியோடு நின்றது. தங்கையின் படிப்பையோ, தங்கை படிப்பதற்கு முன்பே அவள் முடித்துவிட்டாள். வாடிக்கைக்காரி இடுப்பளவு கொடுக்க மூச்சைப் பிடித்து, வயிற்றை உள்ளிழுத்து நிற்கும்போதுதான் அவளுக்குப் பேச்சு வரும்.

"எங்க பாப்பா காலேஜ் போறா."

"அப்படியா! எந்த வருஷம்?"

"இப்போ ஒன்பதாவது."

வாடிக்கைக்காரி மூச்சை விட்டுவிடுவாள். அளவு போச்சு.

இந்த வகைக்குத் தனி அகராதி உண்டு. தங்கை தெருப் பூனைக்குப் பால் வைத்தால் சமூக சேவை. பஸ்ஸில் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டு ஜெயித்தால் தலைமைப் பண்பு. சும்மா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தால்? ஆராய்ச்சி மனப்பான்மை! எல்லாம் விண்ணப்பத்துக்கு ஆகும். ஜலதோஷம் ஒன்றுதான் இன்னும் எதற்கும் ஆகவில்லை. அதையும் அக்கா விட்டுவைக்கப் போவதில்லை.

தங்கைக்கு வேண்டியதோ ஒன்றே ஒன்று: பள்ளியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் டிரம்ஸ் வகுப்பு. வீட்டில் மேஜை, வாளி, அக்காவின் முதுகு என எதையும் அவள் தட்டாமல் விட்டதில்லை. "அது எந்தக் காலேஜுக்கு ஆகும்?" என்று ஒரே கேள்வியில் அக்கா அந்த ஆசையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

இப்படியிருக்க, ஊர்க் கல்லூரியில் பிள்ளைகள் வந்து சுற்றிப் பார்க்கும் நாள் வந்தது. அதற்கென்று தங்கைக்குக் கோட்டு தைத்தாள் அக்கா. இன்றைய அளவுக்கா? நேர்காணல் நடக்கப் போகும் வருஷத்தில் தங்கை எவ்வளவு வளர்ந்திருப்பாளோ அந்த அளவுக்கு! கோட்டின் கை, விரல்களை விழுங்கியது. விளிம்பு, முழங்காலைத் தாண்டியது.

"அக்கா, இதுக்குள்ள நான் எங்க இருக்கேன்?"

"நீ வந்து சேர்ந்துடுவே. நட."

சேர்க்கை அதிகாரி பொறுமைசாலி. "உனக்கு என்னம்மா பிடிக்கும்?" என்று கோட்டிடம் கேட்டார்.

"கணக்கு, அறிவியல், கம்ப்யூட்டர், பொது அறிவு," என்றாள் அக்கா.

"உங்களைக் கேக்கலைங்க."

கோட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. "டிரம்ஸ்."

அவர் சிரித்துவிட்டார். "இந்த வயசுல நல்லாப் படிக்கட்டும், நல்லாத் தூங்கட்டும், பிடிச்சது ஒண்ணை விடாம செய்யட்டும். மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

இத்தனையில் அக்காவின் காதில் விழுந்தது 'விடாம' மட்டும். அந்தச் சனிக்கிழமையே தங்கையை டிரம்ஸ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். பாவம், அந்தப் பெண் குச்சியை எடுத்து நாலு தட்டு தட்டியிருப்பாள்.

"மாஸ்டர், எப்போ மேடை ஏத்துவீங்க? சர்டிபிகேட் உண்டா? இடது கை கொஞ்சம் பிந்துதே, காலேஜ்காரங்க கண்டுபிடிச்சுடுவாங்களா?"

தங்கை குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"அக்கா, இது எனக்கு. காலேஜுக்கு இல்ல. இன்னொரு தடவை நீ எதுக்கு ஆகும்னு கேட்டேன்னு வை, நான் இதைத் தொடவே மாட்டேன்."

குரல் உயரவில்லை. அதுதான் அக்காவை உலுக்கியது. தவழ்ந்த நாளிலிருந்து எதையாவது தட்டிக்கொண்டே இருந்த பெண், கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

இனி வாயைத் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தாள். கொடுத்துவிடலாம்; காப்பாற்றுவது எப்படி? தையல்காரிக்கா வழி தெரியாது! மறு வாரத்திலிருந்து, ஓரம் மடிக்க வேண்டிய துணியோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, குண்டூசிகளை வரிசையாக உதட்டில் கவ்விக்கொள்கிறாள். ஊசியை வாயில் வைத்துக்கொண்டு பேசத் துணிந்த தையல்காரி இன்னும் பிறக்கவில்லை. "உங்க தங்கச்சிக்குக் கை பேசுதுங்க" என்று மாஸ்டர் சொன்னபோதுகூட ஊசிகள்தான் நடுங்கின, வார்த்தை வரவில்லை. முன்னால் தங்கை வெளுத்து வாங்குகிறாள், ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, அக்காவின் கால் தன்னையறியாமல் தாளம் போடுகிறது.

நீங்கள் இந்த வகை இல்லை என்கிறீர்களா? ரொம்ப சந்தோஷம். ஆனால், கடைசியில் அந்தப் பெண்ணுக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்று கேட்கத்தானே இப்போது வாயைத் திறந்தீர்கள்?

இந்தாருங்கள், குண்டூசி.