ஐந்து கிலோ பெட்ரோல்

எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. பைலட் லைசென்ஸ் தியரி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருமுனையில் ஆட்டோ திரும்பினால்கூட, யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று விதி சொல்லுவேன். (என்னைக் கண்டாலே வீட்டில் டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள்.)

அக்கா வீட்டுக்காரர் செல்வம் மாமா குவைத் கிளம்பும் நாள் வந்தது. நான்கு மாதம் காத்திருந்து கிடைத்த விசா. அன்றைக்கே போய் இறங்காவிட்டால் காலாவதி. மணப்பாறைக்குப் போய் அவரையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு திருச்சி ஏர்போர்ட்டில் விடும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அப்பாவின் பழைய காரில் பெட்ரோல் முள் வேலை செய்யாது.

"டேங்க் காலி. ஃபுல் போட்டுட்டுப் போ" என்றார் அப்பா.

"அநாவசிய வெயிட்டுப்பா. நான் கணக்குப் போட்டுக்கறேன்."

போட்டேன். மொத்தப் பயணத்துக்கு ஆறு லிட்டர், அவசரத்துக்கு ஒன்று, ஆக ஏழு. விமானத்தில் எரிபொருளை எடையில்தான் கணக்கிடுவோம். (நான் என்ன சாதாரண ஆளா!) ஏழு லிட்டர் பெட்ரோலின் எடை ஐந்து கிலோ. தாளில் '5' என்று எழுதி இரண்டு அடிக்கோடு போட்டேன்.

"எவ்வளவுங்க?" என்றார் பங்க்காரர். தாளைப் பார்த்துக் கம்பீரமாகச் சொன்னேன்: "அஞ்சு லிட்டர்."

மணப்பாறையிலிருந்து இருவரையும் ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது, ஏர்போர்ட்டுக்குச் சில கிலோமீட்டர் இருக்கையில், திருச்சி கே.கே. நகருக்குச் சற்று முன்னால் வண்டி இருமியது.

"என்னம்மா சத்தம்?" என்றார் மாமா.

"பயப்படாதீங்க மாமா, ரிசர்வ் இருக்கு."

வண்டி நின்றது. மூன்று முறை சாவியைத் திருகினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"இந்த மாதிரி ஆபத்து நேரத்துல பைலட் உதவி கேட்டு ரேடியோவுல 'மேடே'ன்னு மூணு தடவை சொல்லணும்" என்றேன், வாய் சும்மா இருக்காமல்.

"யாருகிட்ட சொல்லப் போறே? அந்த டீக்கடைக்காரர்கிட்டயா?" என்றார் மாமா.

அக்கா அழவே ஆரம்பித்துவிட்டாள். "நாலு மாசம்டி! படிச்சுப் படிச்சு இதைத்தான் கிழிச்சியா?"

தாளை எடுத்துப் பார்த்தேன். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. கிலோவை லிட்டர் என்று கேட்டு வாங்கிய ஆள்தான் தப்பு. என் அவசரக் கையிருப்பு முழுவதும், அதற்கு மேலும், பங்கிலேயே தங்கிவிட்டது. மாமாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

தண்ணீர் கேன் ஏற்றிக்கொண்டு வந்த குட்டியானை வண்டி ஒன்றை நடுரோட்டில் நின்று மறித்தேன். "ஏர்போர்ட் பக்கம்தாங்க போறேன், ஏறச் சொல்லுங்க" என்றார் டிரைவர். இஸ்திரி போட்ட சட்டையும் பெட்டியும் இரண்டு கிலோ மணப்பாறை முறுக்குமாக மாமா கேன்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கவுன்டரை மூடப்போகும் நேரத்தில் நுழைந்துவிட்டதாக அவரிடமிருந்து போன் வந்தது. அக்கா அதற்குப் பிறகுதான் கண்ணைத் துடைத்தாள்.

பரீட்சையில் எரிபொருள் கணக்கு எதையும் நான் விடவில்லை. (மூன்று முறை சரிபார்த்தேன்.) இப்போது நிஜமாகவே விமானம் ஓட்டுகிறேன், நன்றாகவே ஓட்டுகிறேன்.

முதல் லீவில் வந்த மாமா எனக்கென்று ஒரு பரிசு கொண்டுவந்தார். ஐந்து லிட்டர் பெட்ரோல் கேன், காலி. அது இன்றும் எங்கள் கார் டிக்கியில் இருக்கிறது, நிரம்பி. நான் அழைத்துப்போக வரும்போதெல்லாம் மாமா முதலில் டிக்கியைத் திறந்து அதைத் தூக்கிக் குலுக்கிப் பார்ப்பார். அப்புறம்தான் பெட்டியை வைப்பார்.