சமாதானம் சாரின் இரண்டு இணைப்புகள்

டீச்சர் மறுபடியும் வாயைத் திறந்தபடி உறைந்துபோனார்.

உறைந்தது திரையில்தான். நேரில் அவர் நன்றாகவே அசைந்துகொண்டிருந்தார். ஒரு பின்னத்தை இன்னொரு பின்னத்தால் வகுக்க, இரண்டாவதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுப் பெருக்க வேண்டும் என்று கையை ஆட்டி விளக்கிக்கொண்டும் இருந்தார். எங்கெங்கோ இருந்த பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் பாதி மூடிய கண்ணும் முழுதாகத் திறந்த வாயும்தான். அவர்களில் ஒரு புண்ணியவான் அந்தக் கோலத்தைப் படம் பிடித்து, டீச்சரையே தலைகீழாகத் திருப்பி வகுப்புக் குழுவில் போட்டுவிட்டான்.

டீச்சர் லேப்டாப்பை மூடினார். பயிற்சி மையம் ஏற்கெனவே எச்சரித்திருந்தது. இன்னொரு வகுப்பு பாதியில் அறுந்தால் கணக்குப் பாடம் வேறு ஆளிடம் போய்விடும்.

"ஏங்க, இந்த நெட்ட மாத்திடலாம்," என்றார் கணவரிடம்.

வேறு எந்த வீட்டிலாவது இது ஒரு சாதாரணப் பேச்சு. இந்த வீட்டில் அப்படி இல்லை. கணவர் வேலை பார்ப்பதே அந்த இன்டர்நெட் கம்பெனியில்தான். அதிலும் அவருக்கு வாய்த்த வேலை இருக்கிறதே, அதுதான் விசேஷம். 'உங்க கனெக்ஷன் வேண்டாம், வெட்டி விடுங்க' என்று போன் செய்கிறவர்களிடம் பேசிப் பேசி, அவர்களைப் போகவிடாமல் பிடித்துவைப்பது. கொதித்துக்கொண்டு வருகிறவர்கள் போனை வைக்கும்போது அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வைப்பார்கள். அலுவலகத்தில் அவருக்குச் சமாதானம் என்று பெயர் வைத்து, அம்மா அப்பா வைத்த பெயரை எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள்.

அந்தச் சமயம் பார்த்துப் பிரிவுத் தலைவர் நாற்காலி காலியாக இருந்தது. சமாதானத்துக்குத்தான் என்று கேன்டீன் வரைக்கும் பேச்சு. போன கூட்டத்தில் மேலாளர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நம் வீட்டிலேயே நம் லைன் இல்லையென்றால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மற்றவர்களை இருக்கச் சொல்வது என்று கேட்டிருந்தார். அடுத்த கம்பெனி லைன் வைத்திருக்கிறவன் அடுத்த கம்பெனிக்கே போகலாம் என்றும் சொல்லியிருந்தார்.

சமாதானம் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தார். மோடத்தை ஜன்னலில் வைத்தார், பிரிட்ஜ் மேல் வைத்தார், ஸ்டூல் போட்டு ஸ்டூல் மேல் இன்னொரு ஸ்டூல் போட்டும் வைத்தார். அடுத்த வகுப்பில் டீச்சர் தும்மலுக்கு முந்தைய நிலையில் உறைந்தார்.

அதற்குப் பிறகு அவரால் மறுக்க முடியவில்லை. பழைய லைனைப் போலவே டீச்சர் பெயரில் எதிர்க் கம்பெனி லைன் ஒன்று சத்தமில்லாமல் வீட்டுக்குள் வந்தது. லைன்காரர் ஏணியில் ஏறியபோது கீழே பிடித்துக்கொண்டு நின்றவர் சமாதானம்தான். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். டீச்சர் தும்மினால் அங்கே பிள்ளைகளும் அதே நொடியில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

பழைய இணைப்பைக் கொஞ்ச நாள் தொடாதே, நான் பக்குவமாகப் பார்த்துச் சொல்கிறேன் என்று மனைவியிடம் சொல்லி வைத்தார். ஆனால் ஒரே வீட்டுக்கு இரண்டு இணைப்பு என்பது கணக்கு டீச்சருக்குப் பொறுக்கிற விஷயமா? வகுப்பு இல்லாத ஒரு மதியம் அவரே போனை எடுத்துவிட்டார். அந்த அலுவலகத்தில் அத்தனை பேர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அழைப்பு நேராகச் சமாதானத்தின் காதில் வந்து விழுந்தது.

விழுந்ததுகூடப் பரவாயில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக, மேலாளர் அவருக்குப் பின்னாலேயே நின்று இன்னொரு ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் கனெக்ஷன வெட்டிடுங்க," என்றது பழக்கமான குரல்.

அது தன் மனைவியின் குரல் என்று சமாதானத்துக்கு உடனே தெரிந்தது. "வணக்கம் மேடம். இந்தப் பேச்சு பதிவாகுது. எங்க மேலாளரும் கேட்டுக்கிட்டிருக்கார்," என்றார்.

குரல் யாருடையது என்று டீச்சருக்கும் தெரிந்துவிட்டது. சட்டென்று வைத்துவிடுவார் என்று சமாதானம் நம்பினார். டீச்சர் வைக்கவில்லை. நிதானமாக ஆரம்பித்தார். நெட் வராததில் தொடங்கி, அதை வீட்டில் எத்தனை தடவை சொன்னார், சொன்னபோது ஒருவர் எப்படிச் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார், இன்னொரு நாள் எப்படி 'ம்' கொட்டிக்கொண்டே தூங்கிப்போனார் என்று வரிசையாக வந்தது. சமாதானம் குறுக்கே பேச முடியாது. வாடிக்கையாளர் பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது விதி. மேலாளர் வேறு தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார்.

"உங்க வேதனை எனக்கு நல்லாப் புரியுது மேடம்."

"நிஜமாவா?"

"நிஜமா மேடம். உங்க இடத்துல நான் இருந்திருந்தா இவ்வளவு பொறுமையா இருந்திருக்க மாட்டேன். தப்பு எங்க பேர்லதான். இன்னும் ஒரே ஒரு சந்தர்ப்பம் குடுங்க."

டீச்சர் மெதுவாகச் சொன்னார். "நீங்க இவ்வளவு தன்மையாக் கேட்கறீங்க. சரி, நான் போகல. இருந்துக்கறேன்."

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். மேலாளர் அவர் தோளைப் பிடித்து அழுத்தினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், ஏன் ஒப்புக்கொண்டாய், இப்போது இரண்டு லைனும் நம் தலையில்தானே என்று சமாதானம் புலம்பினார். டீச்சர் துணி மடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"வெட்டச் சொல்லித்தான் கூப்பிட்டேன். ஆனா கல்யாணமானதுலேர்ந்து இன்னிக்குத்தான் நான் பேசி முடிக்கற வரைக்கும் நடுவுல பேசாமக் கேட்டீங்க. எனக்கு மனசு வரல."

சமாதானமும் உட்கார்ந்து இரண்டு துண்டை மடித்தார்.

மறுநாள் மேலாளர் அவரைத் தன் அறைக்கே கூப்பிட்டார். அந்த உரையாடலைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாராம். அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். பேச்சோடு பேச்சாக, நாளை மதியம் இருவருமாக அந்த வாடிக்கையாளரின் வீட்டுக்கே நேரில் போய்ப் பூங்கொத்துக் கொடுத்து ஒரு படமும் எடுத்து அனுப்பினால், நாற்காலி விஷயம் அன்றைக்கே முடிந்துவிடும் என்றார்.

"விலாசம் பார்த்தேன். உங்க வீட்டுப் பக்கம்தான் போலருக்கே?"

"பக்கம்தான் சார். ரொம்பப் பக்கம்."

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். சொன்னால் என்ன ஆகும்? பெண்டாட்டியைப் பேசவைத்து நாடகம் ஆடியிருக்கிறான் என்பார்கள். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால் எதிர்க் கம்பெனி மோடம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். நாற்காலி போவது இருக்கட்டும், இப்போது உட்கார்ந்திருக்கிற நாற்காலியும் போய்விடும். அவர் வாயை மூடிக்கொண்டார்.

மேலாளர் வருவதற்குள் எதிர்க் கம்பெனி லைனை வெட்டிவிட வேண்டும், விஷயம் ஆறியதும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். வீட்டுக்காரர் என்று சொல்லி அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டார். அங்கேயும் அதே வேலைக்கு ஒருவர் இருந்தார். அவர் அடுத்து என்ன சொல்வார் என்பதெல்லாம் சமாதானத்துக்கு அத்துப்படி. இப்போது 'உங்க வேதனை புரியுது' என்பான் என்று நினைத்தார். அவர் சொன்னார். இப்போது 'உங்க இடத்துல நான் இருந்தா' என்பான் என்று நினைத்தார். அதையும் சொன்னார். எல்லாம் தெரிந்தும் சமாதானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தச் சில நாட்களாகத் தன்னிடம் இப்படி யாரும் பரிவாகப் பேசவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

போனை வைத்தபோது லைன் அப்படியே இருந்தது, வேகம் இரண்டு மடங்கு ஆகியிருந்தது, கூடவே மறுநாள் மாலை ஒரு லைன்காரர் வந்து எல்லாவற்றையும் இலவசமாகச் சரிபார்ப்பதாகவும் ஏற்பாடாகியிருந்தது. கடைசியில் அவர் நன்றி வேறு சொல்லியிருந்தார்.

மேலாளர் வருவது மறுநாள் மதியம். லைன்காரர் மாலையில்தானே, அதற்குள் மேலாளரை அனுப்பிவிடலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் தங்களைத் தேற்றிக்கொண்டார்கள். காலையிலேயே கல்யாணப் படம் சுவரிலிருந்து இறங்கிக் கட்டிலுக்கு அடியில் போனது. பழைய மோடத்தைத் துடைத்துப் பளபளவென்று கூடத்து மேசையில் வைத்தார்கள். புதிய மோடத்தின் வயர் படுக்கையறை ஜன்னல் வழியாக வந்திருந்ததால், அது எட்டுகிற ஒரே மறைவிடம் துணி அலமாரிதான். விளக்கு வெளியே தெரியக் கூடாது என்று சமாதானம் கைக்குக் கிடைத்த சட்டை ஒன்றால் அதைச் சுற்றி, போர்வைகளுக்கு நடுவே செருகினார்.

மதியம் அவர் தன் வீட்டு வாசலில் மேலாளரோடு நின்று, தானே அழைப்பு மணியை அடித்தார். எந்த மணியின் சத்தம் சரியில்லை என்று ஒரு மாதமாக மனைவி சொல்லிக்கொண்டிருந்தாரோ, அதே மணி. சத்தம் சரியில்லைதான்.

டீச்சர் கதவைத் திறந்து இருவரையும் வரவேற்றார். கணவரைப் பார்த்து, "உங்க குரல வச்சு இன்னும் கொஞ்சம் உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன் சார்," என்றார்.

சமாதானம் சோபாவின் நுனியில் விருந்தாளியாக உட்கார்ந்தார். கொஞ்சம் இருட்டாக இருக்கவே, பழக்கதோஷத்தில் எழுந்துபோய்க் கதவுக்குப் பின்னால் கையை விட்டு விளக்கைப் போட்டார். மேலாளர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?"

"எல்லா வீட்டுலயும் சுவிட்ச் அங்கதானே சார் இருக்கும்."

மேலாளர் அதை ஏற்றுக்கொண்டு டீச்சரிடம் திரும்பினார். வீட்டுக்காரர் இல்லையா என்று விசாரித்தார். அவர் ஆபீஸ் வேலையாக இருக்கிறார், வீட்டில் இருந்தாலும் இருக்கிறது தெரியாது, அமைதியானவர் என்றார் டீச்சர். நெட் இப்போது எப்படி வருகிறது என்றதற்குப் பறக்கிறது என்றார். அது பொய் இல்லை. எது பறக்கிறது என்று மேலாளர் கேட்கவில்லை. பூங்கொத்துக் கைமாறியது. சமாதானமும் டீச்சரும் ஒரு முழம் இடைவெளி விட்டு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மேலாளர் போனை நீட்டிப் பிடித்து, கொஞ்சம் நெருங்கி நில்லுங்கள், கூச்சப்படாதீர்கள் என்றார்.

எல்லாம் முடிந்து மேலாளர் எழுந்திருக்கப் போன நேரத்தில் மணி அடித்தது. எதிர்க் கம்பெனி லைன்காரர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். இப்படி ஒரு கெட்ட பழக்கம் சமாதானத்தின் கம்பெனியில் யாருக்கும் கிடையாது என்பதால், அதை அவர் எதிர்பார்த்திருக்கவே இல்லை.

மார்பில் கம்பெனி பெயரோடு உள்ளே வந்த லைன்காரர், புது லைனைப் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். மேலாளர் மறுபடி உட்கார்ந்தார். டீச்சர் முகத்தில் முதல் தடவையாகக் கலவரம் தெரிந்தது. ஏணி பிடித்த ஆளை லைன்காரருக்கு அடையாளம் தெரிந்துவிடுமே என்று சமாதானம் பூங்கொத்தை வாங்கி முகர்வதுபோல் முகத்தை மூடிக்கொண்டார்.

லைன்காரர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டே, சிக்னல் இங்கே குறைகிறது, அங்கே கூடுகிறது என்று முணுமுணுத்தபடி வயரின் பின்னாலேயே படுக்கையறைக்குள் போனார். வேண்டாம் என்று டீச்சர் சொல்வதற்குள் அலமாரிக் கதவு கிறீச்சிட்டது.

திரும்பி வந்தபோது அவர் கையில், சுற்றிய சட்டையோடு அந்த மோடம் இருந்தது. சமாதானம் அவசரத்தில் கைக்குக் கிடைத்த சட்டையால் சுற்றினாரே, அது அவருடைய ஆபீஸ் சட்டை. மேலாளரும் அவரும் அன்று போட்டிருந்த அதே நிறம், சட்டைப்பையின் மேல் அதே கம்பெனி முத்திரை.

மேலாளர் அந்தச் சட்டையைப் பார்த்தார். சமாதானத்தின் சட்டையைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். மெதுவாக விளக்குச் சுவிட்சையும் ஒருமுறை பார்த்தார்.

"இது யாரோட சட்டை?" என்று கேட்டார்.

எத்தனையோ பேரைப் பேசியே மடக்கிய சமாதானத்துக்கு வாய் திறந்தது, பேச்சு வரவில்லை. நாற்காலி போயிற்று, வேலை போயிற்று, டீச்சருடைய வகுப்பு ஒன்றுதான் இனி வீட்டுக்குக் கதி என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்தது. டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார், இந்தத் தடவை இடைவெளி விடாமல்.

லைன்காரர் அப்போதுதான் நிமிர்ந்து, கூடத்தில் இருப்பவர்களைப் பார்த்தார். அவர் பார்வை சமாதானத்தைத் தாண்டிப் போய் மேலாளரிடம் நின்றது. முகம் மலர்ந்துவிட்டது.

"அட, சார், நீங்களா? உங்க வீட்டு அலமாரியிலேர்ந்து மோடத்த வெளிய எடுத்து வச்சுட்டு வந்தேனே, இப்ப நல்லா வருதா? உங்க ஆபீஸ்காரங்க எல்லார் வீட்டுலயும் இதே தொல்லையாப் போச்சு சார், இப்படிச் சட்டையச் சுத்தி வச்சா சூடாகிடும்."