நம்பும்படியான பேய்

"பேய் சரியில்லை சார்" என்றார் பதிப்பாளர். "ஒருத்தனும் பயப்பட மாட்டான். வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்தலேன்னா புத்தகம் கிடையாது. நாங்க திருத்தி அனுப்பின பிரதி வந்துச்சா?"

எங்கே வந்தது? 'வீட்டில் ஆளில்லை' என்று மூன்று முறை பார்சல் திரும்பிப் போயிருந்தது. எழுத்தாளர் ராஜாங்கமோ லீவு போட்டுவிட்டு நாள் முழுக்க வீட்டிலேயே கிடந்தார். அக்கம்பக்கத்துக் குவார்ட்டர்ஸ் எல்லாம் காலியாகிவிட்ட, டவுன்ஷிப்பின் கடைசித் தெரு. அவர் கையால் எழுதுகிறவர் அல்ல. வாயால் சொல்ல, போன் எழுதிக்கொள்ளும். நாவலில் கொலையுண்ட செண்பகத்தின் ஆவி பேசும் இடத்தில் மட்டும் குரலை மெலிதாக்கி அழுதே காட்டுவார். அப்படி ஒரு ஈடுபாடு.

கிராமத்து மர்ம நாவல் ஒன்பது எழுதியிருக்கிறார். கிராமத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. மைன்ஸ் ஆபீஸில் பர்மனென்ட் ஆனவருக்குத் தெரியாததும் உண்டா என்ன?

அசல் பேயைத் தேடிப் பக்கத்துக் கிராமமான முத்தாண்டிக்குப்பம் போனார். டீக்கடையில் இருந்த தனகோட்டியிடம் புளியமரத்துப் பேயை விசாரித்தார். ரோடு போடும்போதே மரத்தை வெட்டியாகிவிட்டது என்றார் தனகோட்டி. முந்திரித் தோப்பில் ஏதாவது நடமாட்டம்? அங்கே மாட்டியிருக்கும் கேமராவில் இதுவரை நாய்தான் விழுந்திருக்கிறதாம்.

இவ்வளவு உப்புச்சப்பில்லாத ஊரா என்று ராஜாங்கத்துக்கு எரிச்சல் வந்தது. நேராகவே கேட்டுவிட்டார்.

"கத்தினா யாருக்கும் கேக்காத இடம் எதுங்க? பிணத்தைப் போட்டா எத்தனை நாள்ல தெரியவரும்?"

 நாலு பேர் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். தான் எழுத்தாளர் என்றார், யாரும் நம்பவில்லை. ஆதாரத்துக்குப் போனில் இருந்த கதையை வாசித்தார். எடுத்த எடுப்பில் 'செண்பகத்தின் கழுத்தை நெரித்தது நான்தான்' என்று வந்து தொலைத்தது. பதறிப்போய், அவள் பக்கத்தையும் கேளுங்கள் என்று செண்பகத்தின் குரலில் விசும்பி விசும்பி அழுதார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

"கொலயும் பண்ணிட்டு அழுவுறான் பாரு" என்ற தனகோட்டி, போலீசுக்குப் பேசப் போனை எடுத்தார்.

ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்த இசைப்பிரியா டம்ளரை ணங்கென்று வைத்தாள். டவுன்ஷிப்புக்குப் பார்சல் கொண்டுபோகிற பெண். இந்த மாதம் கூரியர் ஆபீஸில் நன்றாகத் திட்டு வாங்கியிருந்தாள்.

"உடுங்க மாமா, இவரு கொலகாரர் இல்ல. ஏன் சார், அந்தக் கடைசித் தெரு வூடு உங்களுதா? மூணு வாட்டியும் கதவு வரைக்கும் வந்தேங்க. உள்ள இதே பேய்தான் அழுதுகினு இருந்துச்சு, பார்சல தூக்கிகினு ஓடியாந்துட்டேன்."