ஒப்பரேற்றர் அக்காவும் ஒரு நிமிடப் புல்லாங்குழலும்

யாழ்ப்பாணத்தில் போரால் மின்சாரம் இல்லாமல் இருந்த அந்த ஐந்து வருடமும், உலகத்தில் மின்சாரத்தில் ஓடுகிற அத்தனை சாமான்களைப் பற்றியும் உறுதியான அபிப்பிராயம் வைத்திருந்த ஒரே மனுசி எங்கள் ஒழுங்கை ஒப்பரேற்றர் அக்காதான். குளிர்சாதனப் பெட்டி வீட்டுக்கு வந்தால் பழங்கறி பெருகும் என்பார். துணி தோய்க்கிற இயந்திரம் சட்டைக் கொலருக்கு அநியாயம் செய்கிறது என்பார். அந்த இயந்திரத்தை அவர் கண்ணால் கண்டதே இல்லை. அதைச் சுட்டிக்காட்டினால், "கண்டால்தான் விளங்கும் எண்டால் பிறகு மூளை என்னத்துக்கு?" என்று எங்களைத்தான் மேலும் கீழும் பார்ப்பார்.

இணுவிலில் எங்கள் வீட்டிலிருந்து நாலு படலை தள்ளி அவர் வீடு. பட்டணத்துத் தொலைபேசி நிலையத்தில் பதினெட்டு வருடம் இணைப்புக் கொடுத்தவர். தொலைபேசிகள் எல்லாம் ஊமையான பிறகு வேலை போய்விட்டது. குரல் மட்டும் போகவில்லை. அந்தக் குரலில் அவர் "கத்தரிக்காய் என்ன விலை?" என்று கேட்டால், ஏதோ வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்ததுபோல் மரக்கறிக்காரர் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பதில் சொல்வார். எங்களோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது அடுப்பில் பால் பொங்கினால், "லைனிலை நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் குசினிக்கு ஓடுவார். நாங்களும் வாயை மூடிக்கொண்டு லைனில் நிற்போம்.

"பதினெட்டு வருசத்திலை ஒரு லைனை நானாய் வெட்டினது கிடையாது, தம்பி" என்று என்னிடம் குறைந்தது நூறு தரம் சொல்லியிருப்பார். "அழுதவையின்ரை லைனும் வெட்டேல்லை, சண்டை பிடிச்சவையின்ரை லைனும் வெட்டேல்லை. கலியாணம் பேசேக்கை ரெண்டு பகுதியும் கோவிச்சுக்கொண்டு ஒண்டும் கதையாமல் ஏழு நிமிசம் நிண்டவை. நான் லைனை வெட்டினனானே? கடைசியிலை ஒத்துக்கொண்டவை."

முறைப்பாடு எழுதுவதில் அவருக்கு இருந்த ஆர்வம் வேலையில் இருந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஒரு முறை பிஸ்கற் பெட்டியில் இருபத்திநாலு என்று எழுதியிருந்தது, உள்ளே இருபத்திமூன்று. வேறு யாராயிருந்தாலும் தங்கள் வீட்டு ஆட்களைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். அக்கா கொம்பனிக்கு மூன்று பக்கத்தில் கடிதம் எழுதினார். கொம்பனி மன்னிப்புக் கேட்டு, கூடவே ஒரு பெரிய தகரப் பெட்டி பிஸ்கற்றும் அனுப்பியது. பிஸ்கற்றை ஒழுங்கை முழுக்கப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, மன்னிப்புக் கடிதத்தைக் கண்ணாடி போட்டுப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். சாம்பிராணி இரண்டுக்கும் காட்டப்பட்டது.

வாடகைக்கு ரீவியும் வீடியோ டெக்கும், கறண்ட் போனால் ஓட்ட ஜெனறேற்றரும் எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து விடிய விடியப் படம் பார்த்த காலம் ஒன்று இருந்ததே, அப்போது அக்கா முன்வரிசையில் இருந்தால் டெக்காரப் பெடியனுக்கு நெஞ்சு இடிக்கும். தேய்ந்த கசெற்றைப் போட்டுவிட்டான் ஒருநாள்.

"தம்பி, உது படமோ, கிணறோ? அந்தப் பிள்ளை தண்ணிக்கடியிலை நிண்டெல்லோ அழுகுது."

"அக்கா, நீங்கள் ஓசியிலைதானே பாக்கிறியள்?"

"ஓசியெண்டால் என்ரை கண்ணைப் பழுதாக்கச் சொல்லிக் கிடக்கோ?"

பெடியன் கசெற்றை மாற்றினான். சனம் கை தட்டியது. அக்கா திரும்பி அந்தக் கைதட்டலுக்குத் தலையசைத்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பிறகு மின்சாரம் போயிற்று. வேறு யாருக்காயிருந்தாலும் அதோடு வாய் அடங்கியிருக்கும். அக்காவுக்கோ விமர்சிக்கப் புதுப்புதுச் சாமான்கள் கிடைத்தன. மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளைப் பார்த்து, "உது ஓடேல்லை, இருமுது" என்றார். பேப்பர்த் தட்டுப்பாட்டில் உள்ளூர்ப் பத்திரிகை கோடு போட்ட கொப்பித் தாளில் வந்தபோது, வாசிகசாலைக்குச் சிவப்புப் பென்சிலோடு வந்து எழுத்துப் பிழைகளைத் திருத்தி, முதல் பக்கத்தில் பத்துக்கு ஆறு என்று புள்ளியும் போட்டார். வாசிகசாலைச் செயலாளர் தருமர் குதித்தார்.

"ஏன் பேப்பரிலை கிறுக்கிறியள்?"

"கொப்பியிலை எழுதிக் குடுத்தால் திருத்தத்தானே வேணும்?"

தருமர் அடுத்த நாளே வாசிகசாலையில் இருந்த பென்சில்கள் எல்லாவற்றையும் பூட்டி வைத்தார். அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்தார்.

அவரிடம் முழுப் புள்ளி வாங்கியது ஒன்றே ஒன்றுதான்: ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, நூல் திரி போட்டுக் கொளுத்துவோமே, அந்த விளக்கு. "முறைப்பாடு இல்லாத சாமான்" என்று அதைத் தொட்டுக் கும்பிடாத குறை.

இனி றேடியோவுக்கு வருகிறேன். பற்றறி வடக்கே வரத் தடை. இருந்த பழைய பற்றறிகளை வெயிலில் காயவைத்தோம், அவித்தோம், ஆணியால் குத்தி உப்புத் தண்ணீர் பருக்கினோம். அதற்கு மேலும் அவை எங்களுக்காக எதையும் தாங்கத் தயாராக இல்லை. அப்போதுதான் றேடியோ திருத்துகிற குணம் அண்ணை அக்காவின் விறாந்தையில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவை முட்ட வைத்து, இடையில் ஏதோ ஒரு பொட்டுச் சாமானை ஒட்டி, இரண்டு வயரை றேடியோவுக்கு இழுத்தார். பெடலைக் கையால் சுற்றச் சுற்ற றேடியோ கதைத்தது. ஒழுங்கையே துள்ளியது. நானும் துள்ளினேன், இதை எழுதும்போதும் கால் நிலத்தில் நிற்கவில்லை.

பெடல் சுற்ற ஆள் எடுக்கும் பரீட்சையை அக்காவே நடத்தினார். குணம் அண்ணை வேகமாகச் சுற்றுவதால் றேடியோ எரியும் என்று தள்ளப்பட்டார். தருமர் இடையிடையே அரசியல் விளக்கம் சொல்வதால் தள்ளப்பட்டார். அப்போது எனக்கு முப்பது வயது. கூப்பனுக்குச் சாமான் கொடுக்கிற சங்கக்கடையில் எழுதுவினைஞரும் நிறுப்பவரும் நானே, கலியாணம் ஆகவில்லை, நாளெல்லாம் ஒரே மாதிரிச் சீனி நிறுத்துப் பழகிய கை. "இவரின்ரை கை சீரான கை" என்று அக்கா தீர்ப்புச் சொன்னார். என் வாழ்க்கையில் கிடைத்த முதல் பதவி உயர்வு அது.

சட்டங்கள் கடுமையானவை. பெடல் சுற்றுகிறவர் சிரிக்கக் கூடாது. செய்தி எதுவாயிருந்தாலும் பெருமூச்சு விடக் கூடாது. பொம்மர் குண்டு போட வந்தால் நிலத்தடிப் பங்கருக்குள் முதலில் போவது றேடியோ, பிறகு சைக்கிள், கடைசியாகச் சுற்றுகிறவர்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கடல் கடந்த ஒரு தமிழ் வானொலியில் நேயர் கடித நிகழ்ச்சி. அக்கா அதற்கு எழுதாத வாரம் இல்லை. ஓர் அறிவிப்பாளர் மூச்சு வாங்குவது மைக்கில் கேட்கிறது என்று எழுதினார். இன்னொருவர் வசனத்தின் கடைசிச் சொல்லை விழுங்குகிறார் என்று எழுதினார். கொழும்புக்குப் போகிறவர் யார் என்று விசாரித்து, கிளாலிக் கடனீரேரியில் வள்ளம் ஏறுகிறவர்களின் பையில் கடிதத்தைத் திணித்துவிடுவார். ஒன்றரை வருடத்தில் ஒரு கடிதம்கூட வாசிக்கப்படவில்லை. "ஒருவேளை கடலிலை விழுந்திருக்கும்" என்று நாங்கள் ஆறுதல் சொல்வோம். "அப்ப மீனெண்டாலும் திருந்தியிருக்கும்" என்பார். பகிடிதான். ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் றேடியோவின் மேல் துணியைப் போட்டு மூடும்போது அவர் முகம் சிறுத்துப் போவதை நான் ஒவ்வொரு ஞாயிறும் கண்டேன். பதினெட்டு வருடம் ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தவருக்கு, ஒரு முறை தனக்கு ஓர் இணைப்புக் கிடைக்கவேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான்.

அவருடைய கடைசி முறைப்பாடு எல்லாவற்றிலும் நியாயமானது. நிகழ்ச்சி தொடங்குமுன் ஒரு புல்லாங்குழல் இசை போடுவார்கள். எண்ணியவன் நான்: அறுபத்திநாலு சுற்று, ஒரு முழு நிமிடம். என் தோள்மூட்டில் பாதி அந்தக் குழலுக்கே தேய்ந்தது. "உங்கள் குழலிசை இனிமையானது. ஆனால் இங்கே ஒரு மனிதர் அதற்குக் கையால் மின்சாரம் தயாரிக்கிறார் என்பதை அறியத் தருகிறேன்" என்று எழுதி, எனக்கு வாசித்தும் காட்டினார்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிறு. விறாந்தை நிறையச் சனம். குழல் ஊதி முடிந்தது. அறிவிப்பாளர் தொண்டையைச் செருமினார்.

"இந்த வாரம் சற்று வித்தியாசமான ஒரு கடிதம். யாழ்ப்பாணம் இணுவிலிலிருந்து…"

பிறகு அக்காவின் முழுப் பெயரையும் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் ஆளைத் தெரியாது. "நமது தொடக்க இசையைப் பற்றி இவர் ஒரு முறைப்பாடு…"

"அக்கா! உங்கடை காயிதம்!" என்று நான் எழும்பித் துள்ளினேன்.

றேடியோ ஊங் என்று இழுத்து அடங்கியது.

"எவனடா றேடியோவை நிப்பாட்டினவன்?" என்று கத்தியதும் நான்தான். விறாந்தையில் இருந்த அத்தனை கண்ணும் என் கைகளைப் பார்த்தன. நானும் பார்த்தேன். இரண்டு கையும் தலைக்கு மேலே இருந்தன.

குணம் அண்ணை பாய்ந்து வந்து பெடலைப் பிடித்தார். அவசரத்தில் பின்பக்கமாகச் சுற்றினார். செயின் கடகடத்தது, சில்லு அசையவில்லை. "முன்னுக்கு! முன்னுக்கு!" என்று தருமர் அலறினார். றேடியோ திரும்பவும் உயிர் பெற்றபோது, "அடுத்த கடிதம் மலேசியாவிலிருந்து" என்றது.

அக்கா ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். "தேத்தண்ணி ஆறுது, எடுத்துக் குடியுங்கோ" என்று மட்டும் சொன்னார். அந்த வாரம் முழுவதும் சங்கக்கடையில் கூப்பனோடு வந்தவர்கள், "பாத்து நிறும் தம்பி, இடையிலை கையை விட்டிடாதையும்" என்று என்னைப் பிடுங்கி எடுத்தார்கள்.

அடுத்த ஞாயிறு போகாமல் ஒளித்திருந்தேன். அக்கா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பெடலடியில் ஏற்கெனவே குணம் அண்ணை சட்டைக் கையை மடித்துக்கொண்டு குந்தியிருந்தார்.

"குணம், எழும்பும். ஒருக்கால் பிழை விட்டதுக்கு ஒப்பரேற்றரைக் கதிரையாலை எழுப்பிறேல்லை. அவரே சுத்தட்டும்."

சுற்றினேன். குழல் தொடங்கியது. வழக்கம்போல் மனதுக்குள் எண்ணினேன். இருபது, இருபத்தொன்று. குழல் நின்றுவிட்டது! "நேயர்களுக்கு வணக்கம்" என்று அறிவிப்பாளர் வந்துவிட்டார். என் கை நின்றுவிட்டதோ என்று முதலில் பயந்து பெடலைப் பார்த்தேன். கை சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. குணம் அண்ணை தருமரைக் கட்டிப்பிடித்தார். இரண்டு பேரும் மூன்று வருடம் கதையாதவர்கள். எங்கள் ஒழுங்கை மனுசி ஒருத்தி கடலுக்கு அப்பால் ஒரு குழலின் நீளத்தைக் குறைத்துவிட்டார்! நான் சிரிக்கவில்லை, துள்ளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினேன்.

அக்கா மட்டும், "இன்னும் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்" என்றார்.

கதை அதோடு முடிந்ததென்றுதான் இருந்தேன். ஐந்து மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிறு அதே குரல் அதே பெயரை மறுபடி வாசித்தது. அக்கா எழுதியதே எனக்குத் தெரியாது.

"என் கடிதத்தை வாசித்தமைக்கு நன்றி. அதன் பிற்பகுதி எமக்குக் கேட்கவில்லை. பெடல் சுற்றிய தம்பி இடையில் கையை விட்டுவிட்டார். அவர் மீது எனக்கு முறைப்பாடு எதுவும் இல்லை. பதினெட்டு வருடம் எத்தனையோ பேருடைய நல்ல செய்திகளை இணைத்துக் கொடுத்தேன். எனக்கு ஒரு நல்ல செய்தி வந்தபோது என்னைவிட அதிகமாக ஒருவர் துள்ளியதை அன்றைக்குத்தான் கண்டேன். இதைத் தயவுசெய்து முழுமையாக வாசிக்கவும். இம்முறை அவர் கையை விடமாட்டார்."

என் கண் இரண்டும் முட்டிவிட்டன. துடைப்பதற்கு ஒரு கை வேண்டும். இருந்த இரண்டும் பெடலில். மூக்கால் வழிய வழியச் சுற்றினேன். அக்கா எழும்பி வந்து, தன் சீலைத் தலைப்பால் என் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டார்.

"லைனிலை நில்லும், தம்பி."

என்னோடு கூடப் பிறந்தவர்கள் ஒருவரும் இல்லை. ஆனால் யாராவது கேட்டால், ஒரு அக்கா இருக்கிறார் என்றுதான் அன்றிலிருந்து சொல்லி வருகிறேன்.