பூப்பந்து மைதானத்தில் பிடிபட்டவன் நான்தான்

செம்பாக்கம்,
12.8.1992

‘ரயிலடி முரசு’ வார இதழின் ஆசிரியர் உயர்திரு ரத்தினம் அவர்களின் சமூகத்துக்கு,

சாம்பசிவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சகத்தாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நானும் என் மனைவி கங்கையம்மாளும் சௌக்கியம், என்னுடைய இடது தோள்பட்டை நீங்கலாக.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் இதழின் முதல் பக்கத்தில் ‘பிள்ளை பிடிக்கிறவன் சிக்கினான்! செம்பாக்கம் பூப்பந்து மைதானத்தில் பரபரப்பு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். ஐயா, அந்தப் பிள்ளை பிடிக்கிறவன் நான்தான். அந்த மைதானத்தை நடத்திவரும் இளந்தளிர் பூப்பந்தாட்டக் கழகத்தின் தலைவரும் நான்தான். தொலைபேசி இலாகாவில் ஒரு மெமோகூட வாங்காமல் ஓய்வு பெற்றவன். ‘சுமார் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆசாமி’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அறுபத்து மூன்று ஆகிறது. அதை மட்டும் திருத்த வேண்டியதில்லை.

மற்றதைத் திருத்தியே ஆகவேண்டும். ஏனென்றால் உங்கள் செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் மைதானத்துக்குப் பெண்பிள்ளைகள் ஒருத்தியும் வரவில்லை. அடுத்த மாதம் செங்கல்பட்டில் மாவட்டப் போட்டி. எங்கள் கழகத்திலிருந்து பெண்கள் அணி போவது இதுதான் முதல் தடவை. அதற்காக நான் வீடு வீடாக ஏறி, பெண்ணை ஏன் விளையாட அனுப்பவேண்டும் என்று அம்மாக்களிடம் பேசிப் பேசி, கொடுத்த காபியையெல்லாம் குடித்து, வயிறு கெட்டதுதான் மிச்சம் என்று இருந்தபோது ஒருவழியாக ஐந்து பேர் சேர்ந்தார்கள். அதில் முன்வரிசையில் ஆடும் ஸ்டெல்லா ஒருத்தி போதும், எதிரணி கதிகலங்கிப் போகும். அவளுடைய அப்பா ஏசுபாதம் ஆட்டோ ஓட்டுகிறவர். உங்கள் பத்திரிகையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்து, “சார், கோச்சிக்காதீங்க. அது நீங்கதான்னு பொண்ணு சொல்லிச்சு, ஆனா பேப்பர்ல வந்தப்புறம் ஊரு வாய மூட முடியுமா? பொண்ணு வூட்லயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைப் பார்த்து மற்ற நால்வர் வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள்.

நடந்தது இதுதான். சித்திரை மாதம் பக்கத்து ஊரில் எவனோ ஒருவன் ஒரு சிறு பெண்ணிடம் “உங்கப்பா கூட்டிட்டு வரச் சொன்னார்” என்று சொல்லிப் பாதி தூரம் அழைத்துப் போய்விட்டான். நல்லவேளை, தெருவில் இருந்தவர்கள் பார்த்து மீட்டார்கள். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நம்மை நம்பித்தானே அனுப்புகிறார்கள்? உடனே கமிட்டியைக் கூட்டி விதிகள் போட்டேன். மட்டையும் வலையும் வைக்கும் அறைக்குள் எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு தனியாகப் போகக்கூடாது. எங்கள் மைதானத்துக்குத் தினமும் வரும் மாரிக்கு வயது முப்பதுக்கு மேல், மனசு மட்டும் எட்டு வயசுப் பிள்ளையுடையது. அவனை இனி யாரும் சிகரெட் வாங்க விரட்டக்கூடாது, ஆடச் சொல்லிச் சிரிக்கக்கூடாது, அவனும் உறுப்பினர்தான், அவனுக்கும் மட்டை உண்டு. முக்கியமான விதி: ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ரகசிய வார்த்தை. யார் அழைக்க வந்தாலும் அதைச் சொன்னால்தான் குழந்தை நகரும், இல்லாவிட்டால் கத்தும். இப்படி ஒரு ஏற்பாடு தாம்பரம் வட்டாரத்திலேயே வேறு எங்கும் இல்லை என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

முதல் வாரமே எங்கள் பொருளாளர் கேசவன் மாட்டிக்கொண்டார். சொந்தப் பிள்ளையை அழைக்க வந்தவர் வார்த்தையைச் சொன்னார், பையன் இல்லை என்றான். முதல் நாள் வீட்டில் ஏதோ சண்டையாம், அவர் சம்சாரம் இவரிடம் சொல்லாமலே வார்த்தையை மாற்றிவிட்டார். மனிதர் தெரிந்த காய்கறி, தெரிந்த சாமி எல்லாம் சொல்லிப் பார்த்தார். பையன் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அசையவில்லை. கடைசியில் அந்த அம்மாளே வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார், கேசவன் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். எனக்கு அவர் நிலைமையை நினைத்து வருத்தம்தான், ஆனால் விதி வேலை செய்கிறதே என்று உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில்தான் வெளியாள் வந்தாலும் விதி நிற்குமா என்று நானே பார்த்துவிட முடிவு செய்தேன். கமிட்டியில் யாரிடமும் மூச்சு விடவில்லை. இலாகா நாடகத்தில் நான் ரௌடி வேஷம் போட்டபோது வாங்கிய மீசை பெட்டியில் இருந்தது. அதை ஒட்டி, கைலி கட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டு, தலையில் துண்டைச் சுற்றி, கையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு மைதானத்துக்குப் போனேன். நேராக ஸ்டெல்லாவிடம், “பாப்பா, உங்கம்மா ஆஸ்பத்திரில கீது. உங்கப்பா உன்ன இட்டுகினு வரச் சொல்லிச்சு, வா” என்றேன். குரலும் பிரமாதமாக மாறியிருந்தது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, “வார்த்தைய சொல்லு” என்றாள். முழித்தேன். அவ்வளவுதான் ஐயா, அந்தப் பெண் போட்ட சத்தத்தில் ரயில்வே கேட் வரை ஆட்கள் திரும்பியிருப்பார்கள். ஐந்து பெண்களும் மட்டையோடு வந்துவிட்டார்கள். தண்ணீர் லாரிக்காக வரிசையில் நின்ற பெண்கள் குடத்தோடு வந்துவிட்டார்கள். “நான் தலைவர்ம்மா, தலைவர்!” என்று கத்தினேன். “ஆமா, பிள்ள புடிக்கிற கும்பலுக்குத் தலைவரு” என்று ஒரு அம்மாள் குடத்தை இறக்கினார். மாரி என் மார்பின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். போலீஸ் வரும்வரை விடக்கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். கான்ஸ்டபிள் வந்தார், ஆனால் டூட்டி முடிந்து சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். “காக்கி போட்டுகினு வா, எந்திரிக்கிறேன்” என்று மாரி சொல்லிவிட்டான். அவர் வீட்டுக்குப் போய்க் காக்கி மாட்டிக்கொண்டு வரும்வரை நான் அடியிலேயே கிடந்தேன்.

அப்போதுதான் மீசை கழன்றது. என் முகத்தைப் பார்த்துப் பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கோ, தோள் விண்விண்ணென்று தெறித்தாலும், மனசு நிரம்பிவிட்டது. என் குழந்தைகள் ஐயா, ஒருத்திகூட ஏமாறவில்லை!

ஆகவே வரும் இதழில் கீழ்க்கண்ட திருத்தத்தைப் போட வேண்டுகிறேன். பிடிபட்டவன் கழகத் தலைவர். குழந்தைகள் ‘பயந்து ஓடினர்’ என்பது தவறு, துரத்தி வந்து அடித்தனர். ‘பிளாஸ்டிக் குடம்’ என்பதும் தவறு, எவர்சில்வர், என் தோளே சாட்சி. தாம்பரம் வட்டாரத்தில் உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது என்றும் தைரியமாக எழுதலாம்.

தங்கள் பேனா தழைக்கவும், சந்தாதாரர்கள் பெருகவும், வீட்டில் எல்லோருக்கும் நீண்ட ஆயுள் கிடைக்கவும் குன்றத்தூர் முருகனை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் உண்மையுள்ள,
சாம்பசிவன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்க ஸ்கூட்டரில் கிளம்பினேன். பஸ் நிறுத்தத்தில் ஸ்டெல்லா பள்ளிப் பையோடு தனியாக நின்றுகொண்டிருந்தாள். அவள் அப்பாவைப் பார்த்துப் பேசி அவளைத் திரும்ப மைதானத்துக்கு அனுப்பவைக்கலாம் என்று நினைத்து, “ஏறும்மா, அப்பா கூட்டிட்டு வரச் சொன்னார்” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி ஸ்கூட்டரை நிறுத்தினேன். சிரித்துக்கொண்டே ஏறிக்கொண்டாள். இரண்டு தெரு வரை போட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தோம். மூன்றாவது தெருவில் ஸ்கூட்டரை ஓரம்கட்டி நிறுத்திவிட்டேன். அவள் வார்த்தையைக் கேட்கவே இல்லை, ஐயா.

வீட்டு வாசலில் ஏசுபாதத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “அட இன்னா சார் நீங்க, உங்க கூட வந்ததுக்கு இன்னா பயம்? தெரியாதவன் கூடவா வந்துச்சு?” என்றார். தெரிந்தவன் கூட வந்ததுதான் பயம் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. புரிந்தபோது சட்டென்று பெண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எனக்கு அது வலித்தது. வலிக்கட்டும்.

ஆகவே மேலே எழுதிய திருத்தம் எதுவும் போடவேண்டாம். பத்திரமான இடம் என்ற வரியை அடித்துவிடுங்கள். மறுநாள் அப்பாமார்களும் அம்மாமார்களும் பார்த்துக்கொண்டு நிற்க, எல்லாக் குழந்தைகளையும் மைதானத்தில் நிறுத்தி, மீசை இல்லாமல் என் சொந்த முகத்தோடு ஒவ்வொருவரிடமும் போய் “வா” என்று கூப்பிட்டேன். கத்தச் சொல்லிக் கொடுத்தேன். நன்றாகவே கத்தினார்கள். ஸ்டெல்லா மட்டும் “உங்களப் பாத்து எப்பிடி தாத்தா கத்தறது?” என்று அழுதுவிட்டாள். செங்கல்பட்டுப் போட்டி இருக்கட்டும் ஐயா, அவள் என்னைப் பார்த்துக் கத்துகிற வரைக்கும் தினமும் அவள் முன்னால் போய் நிற்கப் போகிறேன்.