ஐந்நூறு திருடர்கள்

"நேத்து நாப்பது, இன்னைக்கு நூறு! வீடியோவைப் பார்க்கிறான், ஒருத்தன்கூடக் காசு கொடுத்து என் விளையாட்டை வாங்கல!"

சிடுமூஞ்சி மேசையில் குத்திய குத்தில் டீ கீபோர்டில் கொட்டியது. அதற்கும் அந்த வீடியோக்காரிதான் காரணம் என்றார். தெருவில் அவருக்கு அந்தப் பெயரைச் சும்மா வைக்கவில்லை.

இருந்த வேலையை உதறிவிட்டு, மூன்று வருடம் பின்னறையில் அடைந்து கிடந்து அவர் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டு அது. மாடி வீட்டில் ஒரு கொலை. கொன்றவனை நாம் கண்டுபிடிக்க வேண்டும். வெளிவந்து ஒரு மாதத்தில் விற்றது ஒன்றே ஒன்று. அதற்குள் யாரோ ஒரு தையல்காரி அதை முழுக்க விளையாடி, கொன்றது தோட்டக்காரன்தான் என்பது வரைக்கும் வீடியோ போட்டுவிட்டாள். விளையாட்டு விற்காவிட்டால் அடுத்த மாதம் மச்சானின் டைல்ஸ் கடையில் வேலைக்குச் சேர வேண்டும். மச்சான் நாற்காலியே வாங்கிப் போட்டாயிற்று.

"பாட்டைக் கேட்டுட்டுத்தானே படத்துக்குப் போறோம்? வீடியோ பார்த்துட்டு வாங்குவாங்க, விடுங்க" என்றாள் மனைவி.

"பாட்டு வேற, க்ளைமாக்ஸ் வேறடி! முடிவு தெரிஞ்சப்புறம் எந்த மடையன் வாங்குவான்?"

மனுஷன் சும்மா இருப்பாரா? ஐந்து பொய்ப் பெயர்களில் வீடியோவுக்குக் கீழே போய்த் திட்டினார். ஐந்துமே "வெட்கமா இல்ல?" என்றுதான் ஆரம்பித்தன. வீடியோ பார்த்த எண்ணிக்கை இருநூறானது. தன் போன் போதாதென்று மனைவி போனையும் மாமியார் போனையும் பிடுங்கி, 'பிடிக்கவில்லை' பொத்தானை அமுக்கினார். முந்நூறு. சாப்பிடும் முன் ஒரு தடவை, சாப்பிட்டபின் ஒரு தடவை, பாத்ரூமில் நாலு தடவை என்று பார்த்துப் பார்த்து வயிறெரிந்தார். ஐந்நூறு!

"இருடி, உனக்கு வெக்கிறேன் ஆப்பு!" என்று ராவோடு ராவாகக் கொலைகாரனையே மாற்றினார். தோட்டக்காரன் தப்பித்தான், டாக்டர் மாட்டினார்.

மறுநாளே, விற்றிருந்த அந்த ஒன்றும் திரும்பி வந்துவிட்டது. 'கொலைகாரன் ஆள் மாறிட்டான். பணத்தைத் திருப்பிக் கொடுங்க' என்று ஒரு குறிப்போடு.

வீடியோவில் அவளுக்குப் பின்னால் தையல் கடை போர்டும் விலாசமும் தெரிந்தன. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே அங்கே போய் நின்றார்.

"வெட்கமா இல்ல?"

துணி வெட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அட, நீங்கதானா அது! உட்காருங்க தம்பி."

"உட்காரவா வந்தேன்? என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே! ஐந்நூறு பேர் ஓசியில பார்த்துட்டுப் போயிட்டான்!"

"ஐந்நூறு பேரா?" அவள் தன் போனைத் திறந்து நீட்டினாள். "ஐந்நூறு தடவைன்னு சொல்லுங்க. பார்த்தது மூணே மூணு போன்தான். மூணுலயும் பிடிக்கலைன்னு வேற அமுக்கியிருக்கு."

சிடுமூஞ்சி விரல் விட்டு, வாய்விட்டே எண்ணினார். தன்னுடையது, மனைவியுடையது, மாமியாருடையது. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி," என்றாள் அவள். "உங்க விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கின ஒரே ஆள் நான், என் வீடியோவைப் பார்த்த ஒரே ஆள் நீங்க!"