தேதி குறித்து உதிர்த்த இலைகள்

ஜவ்வாது மலையில் ஐப்பசி மாதத்திலேயே இலையுதிர் காலத்தை வரவழைத்தவள் நான். அந்தப் பெருமைக்கு இதுவரை வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை.

எதையும் தேதி போட்டு எழுதிவைப்பது என் வழக்கம். (பால் திரிந்த நாட்கள்கூட என் குறிப்பேட்டில் உண்டு.) அப்போது ஆலங்காயத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, மலைமேல் ஒரு சின்னப் பள்ளிக்கு எல்.கே.ஜி. ஆசிரியையாகப் போய்க்கொண்டிருந்தேன். பள்ளிக்கு வந்த செயல்பாட்டுப் புத்தகத்தில் அக்டோபர் மூன்றாம் வாரத்துக்கு நேராக 'இலையுதிர் காலம்: பொறுக்கு, தொட்டுப் பார், ஒட்டு' என்று அச்சிட்டிருந்தது. அச்சில் வந்த தேதியை மீறும் துணிச்சல் எனக்குக் கிடையாது.

வெளியே மழையில் மலை பச்சைப்பசேலென்று நின்றது. பள்ளி வாசலிலிருந்த தேக்கு ஒரு இலையைக்கூடத் தரவில்லை.

"இன்னா டீச்சர், ஐப்பசில எந்த மரம் கொட்டும்? மாசில வெச்சிக்கக் கூடாதா?" என்றார் ஆயாம்மா.

"புத்தகத்துல இந்த வாரம்னு போட்டிருக்குங்க."

"மரம் புத்தகம் படிக்குதா இன்னா?"

மரம் படிக்கவில்லை, நான் படித்திருந்தேன். மொழிபெயர்ப்பு நாவல்களில் யார் யாரைப் பிரிந்தாலும் உடனே இலை உதிரும். அந்த அழகைப் பிள்ளைகளுக்குக் காட்டியே தீருவதென்று மஞ்சள் சார்ட்டில் முப்பது இலைகள் வெட்டினேன். பிள்ளைகள் சிவப்பு வண்ணத்தில் விரல் தோய்த்து அவற்றில் புள்ளி வைத்தார்கள். பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதினேன்.

நான்கு வயது ரோஜா தன் இலையைத் தூக்கிக் காட்டினாள். "டீச்சர், தேக்கு எல கொட்டினா எங்கம்மா வந்துடும்."

அவள் அம்மா பத்து நாளைக்கு முன்புதான் காப்பிப் பழம் பறிக்கக் கர்நாடகத்துத் தோட்டத்துக்குப் போயிருந்தாள். ரோஜா அத்தையோடு இருந்தாள். நான் பூரித்துப்போய் அன்றைய தேதியில் எழுதினேன்: 'ரோஜா: இலை உதிர்வதைப் பற்றி முன்பே அறிந்திருக்கிறாள். நன்று.'

வெள்ளிக்கிழமை இலைகளையெல்லாம் தேக்கின் தாழ்ந்த கிளையில் ஒரே நூலில் கோத்துக் கட்டினேன். மூன்றாவது கைத்தட்டலுக்கு நூலை இழுத்தால் இலைகள் மெல்ல மிதந்து இறங்கவேண்டும். இழுத்தேன். அசையவில்லை. பலமாக இழுத்தேன். முப்பது இலைகளும், கிளையில் தேங்கியிருந்த மழைநீரும், ஒரு கூட்டம் எறும்பும் மொத்தமாக என் தலையில் இறங்கின. முதுகில் அடித்துக்கொண்டு குதித்தேன். அதுவும் பாடத்தில் சேர்ந்தது என்று நினைத்து வகுப்பே முதுகில் அடித்துக்கொண்டு குதித்தது.

ரோஜா மட்டும் குதிக்கவில்லை. தன் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று மணி பஸ்ஸுக்குப் போனபோது நிறுத்தத்தில் அவளை அத்தை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"வூட்டுக்கு வாடின்னா வரமாட்டேன்றா டீச்சர். மதியத்துலேர்ந்து சோறுகூட துன்னல."

"எல கொட்டிச்சி. அம்மா பஸ்ல வரும்," என்றாள் ரோஜா.

பஸ் வந்தது. இரண்டு மூட்டைகளும் ஒரு கிழவரும் இறங்கினார்கள். ரோஜா படியருகே போய் உள்ளே எட்டிப் பார்த்தாள். கண்டக்டர் விசில் ஊதும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அவள் முன்னால் உட்கார்ந்தேன். "அது டீச்சர் வெட்டுன காகிதம் கண்ணு. நெஜ எல இன்னும் கொட்டல."

"அப்ப திருப்பிக் கட்டி வுடுங்க."

"எதுக்குடா?"

"கொட்டிட்டா அம்மா வந்திருக்கணும் இல்ல?"

அந்த பஸ்ஸை விட்டேன். அத்தை ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, ரோஜா ஒவ்வொன்றாக எடுத்துத் தர, மழை படாமலிருக்க முன்னும் பின்னும் டேப் ஒட்டி, முப்பது இலைகளையும் நைலான் நூலில் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினேன்.

தாமதத்துக்குக் காரணம் கேட்ட என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். இன்றும் எங்கள் வீட்டில் யார் சீப்பில் முடி கொட்டினாலும், "டீச்சரைக் கூப்புடு, திருப்பிக் கட்டி வுடுவா," என்பதுதான் பேச்சு. கூடவே நானும் சிரிப்பேன். அதற்கு அப்புறம் நடந்ததை அவர்களுக்குச் சொன்னதில்லை.

மாசியில் தேக்கு தானாகக் கொட்டியது. தோட்டத்துக்குப் போன பெண்கள் திரும்பினார்கள். ரோஜாவின் அம்மா வரவில்லை. அங்கிருந்து வேறெங்கோ போய்விட்டாள் என்றார்கள்; போன் அணைந்திருந்தது.

மறுநாள் காலை ரோஜா மொட்டை மரத்தடியில் அண்ணாந்து நின்றாள். காற்றும் மழையும் கொண்டுபோனது போக, என் இரட்டை முடிச்சில் இரண்டு மஞ்சள் இலைகள் ஆடிக்கொண்டிருந்தன.

"டீச்சர், இன்னும் ரெண்டு கொட்டல."

"ஆமாண்டா," என்றேன்.

ரோஜா இப்போது பக்கத்து அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. எங்கள் பள்ளி வாசலைக் கடக்கும்போது ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போகிறாள். ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன்னால், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, ஸ்டூல் போட்டு ஏறி அந்த இரண்டு இலைகளுக்கும் டேப்பும் நூலும் மாற்றிவிடுகிறேன்.

அதை மட்டும் குறிப்பேட்டில் எழுதுவதில்லை.